வாரண்டிக்குப் பிறகும் ஓட வேண்டிய கார்: வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கார் நிறுவனங்களில் வாகன வடிவமைப்பையும் சர்வீஸ் அட்டவணையையும் தீர்மானிக்கும் பொறியாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

உங்கள் சர்வீஸ் அட்டவணையில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு நேரே இருக்கும் கட்டம் காலியாக இருக்கிறது. 'ஆயில் மாற்ற வேண்டியதில்லை' என்று சிலர் அச்சிடுகிறீர்கள். சிலர் அந்த வரியையே எடுத்துவிட்டீர்கள். இந்த மடலை எழுத வைத்தது அந்தக் காலிக் கட்டம்தான். பழைய கார்களை வாங்குகிறவர்கள், பிரித்துச் சரிசெய்கிறவர்கள், திரும்ப விற்கிறவர்கள் எல்லோருக்கும் தினமும் தலைவலி கொடுக்கும் பல முடிவுகளுக்கு அந்தக் கட்டம் ஒரு சாட்சி.

புது கார் வாங்குகிறவர்களில் பலர் வாரண்டி முடியும் நேரத்தில் அதைக் கைமாற்றிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அதே வண்டி இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட வேண்டியிருக்கிறது. அந்த வருடங்களையும் மனதில் வைத்து வரையப்பட்ட கார்கள் குறைந்துகொண்டே வருகின்றன. எங்கள் புகார் மொத்தமும் இதுதான்; கீழே இருப்பதெல்லாம் அதற்கான ஆதாரம்.

கியர்பாக்ஸிலிருந்தே ஆரம்பிக்கிறோம். இசட்எஃப் நிறுவனத்தின் ஆறு கியர், எட்டு கியர் ஆட்டோமேட்டிக்குகள் பல நிறுவனங்களின் கார்களில் இருக்கின்றன. 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் ஆயிலை மாற்றுங்கள் என்று அவற்றைச் செய்த இசட்எஃப்பே சொல்கிறது. அதை வாங்கிப் பொருத்துகிற கார் நிறுவனங்களில் சில, மாற்றவே தேவையில்லை என்கின்றன. கியர்பாக்ஸைச் செய்தவர் ஒன்று சொல்லி, பொருத்தியவர் வேறு சொன்னால் நாங்கள் யாரை நம்புவது? உள்ளே பிரித்துப் பார்த்தவர்களுக்கு இதில் சந்தேகமே கிடையாது.

லட்சம் கி.மீ. தாண்டிய வண்டியில் கியர்பாக்ஸின் ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றினால், அடியில் பதித்த காந்தங்களின் மேல் கறுஞ்சாம்பல் நிறத்தில் பசை அப்பியிருக்கும். கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பொருளும் மெல்லிய எஃகுத் தூளும் ஆயிலில் குழைந்தது அது. அந்த அளவுக்குத் தேய்மானம் இருப்பது இயல்புதான். காந்தத்தில் ஒட்டாத மிச்சம்தான் கெடுதல் செய்கிறது. அது ஆயிலோடு சுற்றி, கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடியின் அலுமினியத் துளைகளை அறுக்கும். மின்சாரத்தால் இயங்கும் வால்வான சோலனாய்டின் நுண்வலைகளில் போய் அடையும். இன்னொரு பக்கம், ஆயிலில் கலந்திருக்கும் உராய்வுச் சேர்மானங்கள் வெப்பத்தில் தீர்ந்துபோகின்றன. வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயில் ஆக்சிஜனேற்றம் அடையும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பது உங்கள் ஆய்வகத்துக்குத் தெரியாத செய்தி அல்ல. முதல் அடி, இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரின் லாக்கப் கிளட்ச்சுக்கு விழுகிறது. 60, 80 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரில் லேசாகக் கால் வைத்தபடி போகும்போது, வேகத்தடைக் கோடுகள் மேல் வண்டி ஓடுவதுபோல ஒரு நடுக்கம் வரும். உரிமையாளர் முதலில் வீல் பேலன்ஸ் செய்து பார்ப்பார். பிறகு இன்ஜின் மவுன்ட்டை மாற்றுவார். அப்புறம் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் என்று வரிசையாகப் போகும். கியர்பாக்ஸ் ஆயிலை யாரும் சந்தேகப்படுவதில்லை. உங்கள் கையேடுதான் அதற்கு நற்சான்று கொடுத்திருக்கிறதே.

சரி, மாற்றியே தீருவது என்று ஒருவர் முடிவெடுத்தால் என்ன நடக்கிறது? எட்டு கியர் பெட்டியில் சம்ப் பிளாஸ்டிக்கால் ஆனது. ஃபில்டரை அதோடு சேர்த்தே வார்த்திருக்கிறார்கள். ஃபில்டரை மட்டும் மாற்ற வழியில்லை, முழு சம்ப்பையும் மாற்ற வேண்டும். ஆயிலை வடித்தால் ஏறக்குறைய பாதிதான் வெளியே வரும். மீதி டார்க் கன்வர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் கிடையாது. வண்டியை லிஃப்டில் துல்லியமாகச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கில் கால் வைத்தபடி ஒவ்வொரு கியராகப் போட்டு எடுக்க வேண்டும். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் ஆயில் வெப்பநிலை 30 டிகிரியைத் தாண்டி 50 டிகிரியைத் தொடுவதற்குள் நிரப்புத் துளையின் பிளக்கைத் திறக்க வேண்டும். ஆயில் மெல்லிய கோடாக வழிந்தால் அளவு சரி. வழியாவிட்டால் இன்னும் ஊற்ற வேண்டும். 70 டிகிரியில் திறந்து பார்க்கிறவர், சூட்டில் விரிந்து நிற்கும் ஆயிலை அதிகம் என்று நினைத்து வழியவிட்டுவிடுவார். ஆறியபின் அளவு குறைந்து, வளைவுகளில் பம்ப் காற்றை இழுக்கும். அந்த கியர்பாக்ஸ் அதிக நாள் தாங்காது.

இந்த வேலை கடினமானதல்ல. முறை தெரிந்தால் அரை நாளில் முடிந்துவிடும். அந்த முறையை நீங்கள் பூட்டிவைத்திருப்பதுதான் சிக்கல். எத்தனை லிட்டர், எந்தத் தர ஆயில், எந்த வெப்பநிலையில் பார்ப்பது, பிளக்கை எவ்வளவு விசையில் இறுக்குவது என்று நான்கே விவரம். கையேட்டில் அரைப் பக்கத்தில் அடங்கும்.

அடுத்தது இன்ஜின் ஆயில். டிப்ஸ்டிக்கை எடுத்துவிட்டு சென்சார் வைத்ததை முன்னேற்றம் என்று விளம்பரம் செய்தீர்கள். அந்தக் கம்பி வெறும் அளவு காட்டும் கருவி மட்டுமல்ல. துணியில் துடைத்துப் பார்த்தால் ஆயிலின் நிறம் தெரியும். முகர்ந்தால் பெட்ரோல் கலந்திருக்கிறதா என்று தெரியும். பால் நிறத்தில் கூழாக இருந்தால் கூலன்ட் கசிகிறது என்று தெரியும். குறியைத் தாண்டி அளவு ஏறியிருந்தால், புகைக்கரி வடிகட்டியைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும் டீசல் வண்டியில் எரியாத டீசல் சம்ப்பில் இறங்குகிறது என்று அர்த்தம். சென்சார் இதில் எதையும் சொல்லாது. இன்ஜின் சூடேறி, வண்டி சமதளத்தில் சில நிமிடம் நின்றால்தான் திரையில் அளவு வரும். சென்சார் பழுதானால் அதுவும் வராது. ஆயிலை முழுவதும் வடித்து, அளந்து ஊற்றுவது ஒன்றுதான் வழி. ஒரு கம்பியும் அதற்கொரு குழாயும் எவ்வளவு செலவு வைத்திருக்கும் என்று உங்கள் கொள்முதல் பிரிவைக் கேட்டுப் பாருங்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஆயில் குடிக்கும் அளவுக்கு நீங்கள் வைத்திருக்கும் வரம்பு. 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை குறைவது இயல்பு என்று எழுதிய கையேடுகள் உண்டு. சம்ப்பின் கொள்ளளவு நான்கரை லிட்டர், ஆயில் மாற்றும் இடைவெளி 15,000 கி.மீ. என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். ஒரு மாற்றுக்கும் அடுத்த மாற்றுக்கும் நடுவில் ஏழரை லிட்டர் காலி! சம்ப்பில் இருந்ததைவிட அதிகமாகக் குடித்த இன்ஜினும் உங்கள் கணக்கில் ஆரோக்கியமான இன்ஜின்தான். உராய்வைக் குறைக்க பிஸ்டனில் மெலிதான, இறுக்கம் குறைந்த ஆயில் ரிங்குகளைப் போட்டீர்கள். அவற்றின் வடிகால் துளைகள் கார்பன் அடைத்து மூடிக்கொள்ளும்போது, சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் கீழே இறங்க வழியில்லாமல் எரிகிறது. துளைகள் ஏன் அடைக்கின்றன? ஆயில் அதிக நாள் உள்ளே கிடப்பதால். இரண்டு வருடம் அல்லது 30,000 கி.மீ. வரை ஒரே ஆயிலில் ஓடலாம் என்று இடைவெளியை நீட்டியவர்கள் யார் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இதே கதை, வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் செயினிலும் தொடர்கிறது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. அளவு குறைந்தாலும், ஆயில் கெட்டியாகி டென்ஷனரின் சிறு துளை அடைத்தாலும் செயின் தளரும். தளர்ந்த செயின் பிளாஸ்டிக் கைடை அடிக்கும். கைடு உடைந்த துண்டுகள் ஆயில் பம்ப்பின் வடிகட்டிக்குப் போகும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது முதல் இரண்டு மூன்று நொடி கேட்கும் சலசலப்பு இதன் முதல் அறிகுறி. சிறிய டர்போ இன்ஜின்களில் நேரடி இன்ஜெக்‌ஷனின் புகைக்கரியும் ஆயிலில் கலந்து செயின் இணைப்புகளை அரம்போலத் தேய்க்கிறது. ஆயில் துறையே இதை ஒப்புக்கொண்டுவிட்டது. 2020 மே மாதம் வந்த ஏபிஐ எஸ்பி என்ற இன்ஜின் ஆயில் தரத்தில் டைமிங் செயின் தேய்மானத்துக்கென்று தனிச் சோதனையே சேர்த்தார்கள்.

செயின் தேயும் என்று தெரிந்தபின், அதை எங்கே வைக்க வேண்டும்? பேனட்டைத் திறந்தால் கை எட்டும் முன்பக்கத்தில். 2007இல் வந்த பிஎம்டபிள்யூ என்47 டீசலில் அதைப் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஒட்டும் முகத்தில் வைத்தார்கள். ஆடியின் பிந்தைய 4.2 லிட்டர் வி8 இன்ஜின்களிலும் அப்படித்தான். கைடும் டென்ஷனரும் சிறிய பாகங்கள், கைக்குள் அடங்கிவிடும். அதைத் தொட கியர்பாக்ஸையோ முழு இன்ஜினையோ இறக்க வேண்டும். காரின் மூக்கைக் குட்டையாக்கவும், பாதசாரி மோதினால் பேனட் அமுங்க இடம் வேண்டும் என்பதற்காகவும் அப்படிச் செய்தோம் என்று விளக்கம் சொல்வீர்கள். பாதசாரி பாதுகாப்பில் எங்களுக்கு மறுப்பே இல்லை. ஆனால் பின்னால் வைப்பதென்றால் அது காரின் வாழ்நாள் முழுதும் தாங்கும்படி செய்திருக்க வேண்டும். தாங்காத செயினை எட்டாத இடத்தில் வைப்பது எந்த வகைப் பொறியியல்?

செயினுக்குப் பதிலாக ஆயிலுக்குள்ளேயே ஓடும் ரப்பர் பெல்ட் இதைவிட மோசம். உராய்வும் சத்தமும் குறையும் என்பதற்காக வந்தது. குறுகிய தூரம் ஓடி, முழுச் சூடேறாமல் நிறுத்தப்படும் வண்டியில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கிறது. அந்தப் பெட்ரோலைக் குடித்து பெல்ட் உப்புகிறது, ஓரங்கள் பிய்கின்றன. பிய்ந்த கறுப்பு நார்கள் ஆயில் பம்ப்பின் வடிகட்டி வலையில் படிந்து அழுத்தத்தைக் குறைக்கின்றன. பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கொடுக்கும் பம்ப்பின் ஆயில் வழியும் அடைத்தால் பெடல் கல்லாகிவிடும். அப்போது பேச்சு இன்ஜினைப் பற்றியது அல்ல, உயிரைப் பற்றியது. ஸ்டெல்லாண்டிஸ் குழுமம் தன் 1.2 லிட்டர் பியூர்டெக் இன்ஜினுக்கு வாரண்டியை 10 வருடம் அல்லது 1,75,000 கி.மீ. என நீட்டியது, புதிய வடிவத்தில் செயினுக்கு மாறியது. ஃபோர்டும் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட்டில் கேம்ஷாஃப்டுக்குப் பின்னாளில் செயின் போட்டது. தவறு என்று உணர்ந்து மாற்றியது நல்ல காரியம்தான். ஏற்கெனவே சாலையில் ஓடுகிற பெல்ட் இன்ஜின்களுக்கு என்ன வழி? பியூர்டெக்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அகலம் அளக்கும் சிறு அளவுகோலைப் பெல்ட்டின் மேல் வைத்தால் உப்பியிருக்கிறதா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். இப்படியொரு சோதனையை ஒவ்வொரு ஆயில் மாற்றின்போதும் செய்யச் சொல்லி அட்டவணையில் எழுதியிருக்க வேண்டியது முதல் நாளிலிருந்தே.

பாகங்களை ஒட்டிக்கட்டி விற்பதைப் பற்றி. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மில் முதலில் கிழிவது ரப்பர் புஷ். பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி எடுத்து, புதிதை அதே கோணத்தில் அழுத்தி, வண்டியைத் தரையில் நிற்கவைத்து சஸ்பென்ஷன் சுமை தாங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. (சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பாதிப் பட்டறைகள் செய்கிற தப்பு இது.) ஆனால் புஷ்ஷைத் தனியாகக் கொடுக்க மாட்டேன் என்கிறீர்கள். பால் ஜாயிண்ட்டோடு, அலுமினிய ஆர்மோடு முழுதாக வாங்க வேண்டுமாம். எல்ஈடி ஹெட்லைட்டில் ஒரு டிரைவர் சிப் போனால் மொத்த லைட்டையும் மாற்ற வேண்டும். டயர் அழுத்த சென்சாரில் பேட்டரி தீர்ந்தால் சென்சாரையே தூக்கிப் போட வேண்டும். பேட்டரியைப் பசையூற்றி மூடியிருக்கிறீர்கள். தெர்மோஸ்டாட் கூடு கண்ணாடி இழை கலந்த நைலான். 90, 100 டிகிரியில் ஆயிரக்கணக்கான முறை சூடாகி ஆறிய பிறகு, ஹோஸைக் கழற்றும்போதே கழுத்து நொறுங்கும். அலுமினியத்தில் செய்திருந்தால் இன்ஜினோடு சேர்ந்தே வயதாகியிருக்கும். கூலன்ட் கசிவில் தொடங்கி ஹெட் கேஸ்கெட்டில் முடிகிற கதைகள் பலவற்றுக்கு இந்த ஒரு பாகம்தான் ஆரம்பம்.

இனி பூட்டுகள். பின்சக்கர பிரேக் பேட் மாற்றுவது ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்கிற வேலை. எலெக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் வந்தபின், காலிப்பருக்குள் இருக்கும் மோட்டாரைப் பின்னிழுக்க வேண்டியிருக்கிறது. ஸ்கேனர் இல்லாதவர் பிஸ்டனை சி-கிளாம்ப்பால் அழுத்தித் தள்ளினால் மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடையும். சில நிறுவனங்கள் பெடலையும் ஸ்விட்சையும் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தி சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவர வழி வைத்திருக்கின்றன. அப்படியானால் மற்றவர்களாலும் முடியும். பேட்டரியும் இதே வகை. பேட்டரியின் வகை, கொள்ளளவு, வயது மூன்றையும் வைத்துத்தான் உங்கள் மென்பொருள் சார்ஜ் செய்கிறது. புதிது போட்டதைச் சொல்லாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்து அதிக மின்னழுத்தம் கொடுத்துக் கெடுத்துவிடும். தத்துவம் சரிதான். அதைச் சொல்ல ஏன் உங்கள் கணினி வேண்டும்? டேஷ்போர்டு மெனுவில் ஒரு வரி போதாதா?

1996இல் அமெரிக்காவில், காரின் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் பொதுத் தரமான ஓபிடி-2 கட்டாயமானது. 2001இல் ஐரோப்பாவின் பெட்ரோல் கார்களுக்கும் வந்தது. புகை சம்பந்தமான கோளாறுகளை எந்த மெக்கானிக்கும் எந்த ஸ்கேனரிலும் படிக்க அதுதான் வழிசெய்தது. ஏபிஎஸ், ஏர்பேக், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் எல்லாம் அந்தப் பொது மொழிக்கு வெளியேதான் நின்றன. பத்து வருடம் கழித்தாவது திறப்பீர்கள் என்று எதிர்பார்த்தோம். நடந்தது நேர் எதிர். 2018 வாக்கில் பாதுகாப்பு நுழைவாயில் என்ற பெயரில் ஓபிடி சாக்கெட்டுக்கே பூட்டு வந்தது. திருட்டையும் ஹேக்கிங்கையும் தடுக்க என்று காரணம் சொன்னீர்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 2023 அக்டோபரில் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. பதிவு செய்துகொண்டு, இணையம் வழியாக உங்கள் சர்வரில் இணைந்தால்தான் சாக்கெட் திறக்கும் என்று தனிப் பட்டறைகளுக்கு நிபந்தனை போடக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2012இலும் 2020இலும் மக்கள் வாக்களித்தே பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டம் கேட்டார்கள். இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்ததும் இதற்காகத்தான்: உதிரி பாகங்களையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் வைத்திருந்ததற்காக. மூன்று கண்டங்களில் ஒரே புகார் எழுகிறது என்றால் புகார் செய்கிறவர்களிடம் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு.

தொடுதிரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, சோதனையே சொல்லிவிட்டது. 2022இல் வி பிலேகரே என்ற ஸ்வீடன் கார் இதழ் 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே ஏசி, ரேடியோ போன்ற நான்கு சாதாரண வேலைகளைச் செய்யச் சொல்லி நேரம் பார்த்தது. பட்டன்கள் வைத்த 2005ஆம் வருட வால்வோ வி70 காரில் 10 நொடி, 306 மீட்டர். கடைசியாக வந்த புதிய காரில் 44.9 நொடி, அதற்குள் வண்டி 1,372 மீட்டர் போயிருந்தது. இண்டிகேட்டர், அபாய விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு இந்த ஐந்துக்கும் தனி ஸ்விட்ச் இல்லாவிட்டால் 2026 முதல் உயர்ந்த மதிப்பெண் கிடையாது என்று, கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு சொன்ன பிறகுதான் உங்களில் சிலருக்குப் பட்டன் ஞாபகம் வந்திருக்கிறது. இந்த ஐந்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கண்ணாடிப் பனி நீக்கும் பட்டன் ஆறாவது.

சக்கரங்கள். 205/55 ஆர்16 டயரின் பக்கச்சுவர் 113 மில்லிமீட்டர். அதே காரின் உயர் வகைக்கு நீங்கள் போடும் 225/40 ஆர்18இல் 90. சுற்றளவு ஏறக்குறைய ஒன்றுதான். குறைந்த 23 மில்லிமீட்டரும் பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவே இருந்த காப்பு. விளம்பரப் படத்தில் பெரிய ரிம் நன்றாகத்தான் இருக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் சுவர் நசுங்கி உள்நார் அறுந்து கொப்புளம் வரும், ரிம் வளையும். இந்த டயரைப் போட்ட கையோடு ஸ்டெப்னியையும் எடுத்துவிட்டு ஒரு பாட்டில் சீலண்ட் கொடுக்கிறீர்கள். சீலண்ட் ஓடுதளத்தில் ஆணி குத்திய சிறு துளையை அடைக்கும். பக்கச்சுவர் கிழிசலுக்கு அது உதவாது. அதற்கும் காலாவதித் தேதி இருக்கிறது என்பது பல உரிமையாளர்களுக்கு டயர் பஞ்சரான அன்றுதான் தெரியவரும்.

கடைசியாக விற்பனை. பழைய கார் வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி சர்வீஸ் விவரம். முன்பு முத்திரை குத்திய புத்தகம் காரோடு வந்தது. இப்போது எல்லாம் உங்கள் சர்வரில். வாங்குகிறவர் கேட்டால் தனியுரிமை என்கிறீர்கள், விற்கிறவர் கேட்டால் டீலரிடம் போகச் சொல்கிறீர்கள். தனிப் பட்டறையில் ஒழுங்காகச் செய்த வேலையைப் பதிய அங்கே இடமே இல்லை. விளைவு என்ன? கியர்பாக்ஸ் ஆயிலை முறையாக மாற்றிய காருக்கும் மாற்றாத காருக்கும் சந்தையில் ஒரே விலை. நன்றாகப் பராமரித்தவருக்கு அதனால் லாபமில்லை என்றால் அடுத்தவர் ஏன் பராமரிப்பார்?

இதைவிட ஆபத்தானது செயலி இணைப்பு. கார் கைமாறிய பிறகும் பழைய உரிமையாளரின் போனில் கார் நிற்கும் இடம் தெரிகிறது, கதவும் திறக்கிறது. புதியவர் காருக்குள் இருந்தபடியே அந்த இணைப்பை அறுக்க எல்லா நிறுவனங்களும் வழி வைக்கவில்லை. மின்கார் என்றால் பேட்டரியின் ஆரோக்கியம்தான் மொத்த மதிப்பும். ஐ.நா.வின் 22ஆம் உலகத் தொழில்நுட்ப விதி 2022இலேயே ஐந்து வருடம் அல்லது 1,00,000 கி.மீ.யில் குறைந்தது 80 சதவீதம், எட்டு வருடம் அல்லது 1,60,000 கி.மீ.யில் 70 சதவீதம் என்று வரம்பு வகுத்தது. மீதமுள்ள கொள்திறனை உரிமையாளருக்குக் காட்டவும் சொன்னது. பல கார்களின் திரையில் அந்த எண்ணைத் தேடினால் மூன்றாவது மெனுவின் அடியிலும் கிடைப்பதில்லை.

எனவே நாங்கள் கேட்பது இவை.

ஆட்டோமேட்டிக், சிவிடி, இரட்டை கிளட்ச் எதுவானாலும் ஒவ்வொரு கியர்பாக்ஸுக்கும் ஆயில் மாற்றும் இடைவெளியைக் கி.மீ.யிலும் வருடத்திலும் அச்சிடுங்கள். ஏற்கெனவே விற்ற மாடல்களுக்கும் இது பொருந்த வேண்டும். அளவு பார்க்கும் முறையை உரிமையாளர் கையேட்டிலேயே கொடுங்கள். கியர்பாக்ஸ் ஃபில்டரைத் தனிப் பாகமாக மாற்றும்படி செய்யுங்கள்.

எல்லா இன்ஜின்களுக்கும் டிப்ஸ்டிக் வையுங்கள். சென்சாரும் கூடவே இருக்கட்டும். டர்போ, நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடத்துக்கு மேல் ஆயில் இடைவெளி கொடுக்காதீர்கள். குறுகிய தூர ஓட்டத்துக்கு அதையும் பாதியாக்குங்கள். ஆயில் குறையும் அளவின் வரம்பைக் குறைத்து, அதைத் தாண்டினால் வாரண்டியில் ரிங் மாற்றித் தாருங்கள்.

டைமிங் செயினோ பெல்ட்டோ, இன்ஜினை இறக்காமல் மாற்ற முடியாத இடத்தில் இனி வைக்காதீர்கள். ஆயிலுக்குள் ஓடும் பெல்ட் உள்ள எல்லா இன்ஜின்களுக்கும், எந்த நிறுவனமானாலும், எத்தனையாவது உரிமையாளரானாலும், எந்தப் பட்டறையில் ஆயில் மாற்றியிருந்தாலும், 10 வருட வாரண்டி கொடுங்கள். பெல்ட் அகலம் அளப்பதை ஒவ்வொரு சர்வீஸிலும் கட்டாயமாக்குங்கள்.

புஷ், பால் ஜாயிண்ட், வீல் பேரிங், ஹெட்லைட் டிரைவர், டயர் சென்சார் பேட்டரி ஆகியவற்றைத் தனித்தனியே விற்பனைக்குக் கொடுங்கள். ஒரு மாடலின் உற்பத்தி நின்ற பிறகும் 15 வருடம் அவை கிடைக்க வேண்டும்.

ஹேண்ட்பிரேக் சர்வீஸ் நிலை, பேட்டரிப் பதிவு, ஆயில் மாற்ற நினைவூட்டல் மூன்றையும் டேஷ்போர்டு மெனுவில் திறந்துவிடுங்கள். எல்லா கண்ட்ரோல் யூனிட்களின் பிழைக் குறியீடுகளையும் பொதுவாகப் படிக்கும்படி வெளியிடுங்கள். திருட்டுத் தடுப்பு சம்பந்தமானவை மட்டும் பூட்டில் இருந்தால் போதும்.

எந்த வகை காரானாலும் முழு அளவு ஸ்டெப்னி வைக்கக் குழி இருக்க வேண்டும். சக்கரம் பெரிதாக்கிய வகைகளில் சிறிய ரிம்மைக் கூடுதல் விலை இல்லாமல் தேர்வு செய்ய விடுங்கள்.

சர்வீஸ் பதிவுகளை வண்டியின் சேசிஸ் எண்ணோடு இணைத்து, பெயரும் தொலைபேசி எண்ணும் நீக்கி, வாங்குகிறவர் பார்க்கும்படி வையுங்கள். தனிப் பட்டறைகளும் அதில் பதிய அனுமதியுங்கள். பழைய உரிமையாளரின் செயலி இணைப்பை சாவி கையில் இருப்பவர் காரிலிருந்தே துண்டிக்க வழி வையுங்கள். மின்காரின் மீதமுள்ள கொள்திறனை முதல் திரையில் காட்டுங்கள்.

இதற்குப் பதிலை விளம்பரப் பிரிவிடம் ஒப்படைக்க வேண்டாம். உங்கள் தொழில்நுட்பத் தலைவர் கையெழுத்திட்டு, இப்போது விற்பனையில் இருக்கும் ஒவ்வொரு மாடலுக்கும் கியர்பாக்ஸின் பெயர், ஆயிலின் தரம், எத்தனை லிட்டர், எத்தனை கி.மீ.யில் மாற்ற வேண்டும் என்ற அட்டவணையோடு பொதுவில் வெளியிடுங்கள். மாற்றவே வேண்டாம் என்று எந்த மாடலுக்காவது இன்னும் நம்பினால், அதன் கியர்பாக்ஸுக்கு 3,00,000 கி.மீ. வாரண்டியை அதே தாளில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார்களை ஓட்டுகிற, பழுதுபார்க்கிற, விற்கிறவர்கள் சார்பில்